ரெண்டு மாச நிலா

அஸ்தினாபுரம்
3.10.2024

மச்சான் தினகரனுக்கு,

முதல்ல ஒரு வெக்கக்கேட்டைச் சொல்லிடறேன், அப்புறம் நலம் விசாரிக்கறேன். பேப்பர்ல போட்டிருந்தான், வானத்துல ரெண்டாவதா ஒரு நிலா வருது, ரெண்டு மாசம் இருந்துட்டுப் போயிடும்னு. நான் அஞ்சாங்கிளாஸ்தான். ஆனா பேப்பரை எழுத்துக் கூட்டியாவது கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுடுவேன், உனக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தண்ணி லாரியைத் தெருவுல நிறுத்திட்டு டேங்க் மேல ஏறினேன். கழுத்துல தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுல வாங்கின பைனாகுலர். செம்பாக்கம் பக்கமா செக்கச்செவேல்னு ஒண்ணு விட்டு விட்டு மினுக்குது. "அதோ பாருங்கய்யா ரெண்டாவது நிலா!"ன்னு ஒரு கத்து கத்தினேன். தெருவே கூடிப்போச்சு, பதினேழு பேரு. மூணாவது வூட்டு கங்கையம்மாள் கன்னத்துல போட்டுகினு கற்பூரம் எடுக்க உள்ள ஓடினா. அப்பதான் எதிர்வூட்டு காலேஜ் பொண்ணு சொல்லுச்சு: "அங்கிள், அது செல்போன் டவர் உச்சி லைட்டு." நாலு நாளா தெருவுல என் பேரு டவர் தசரதன்.

இங்க நானும் லாரியும் சௌக்கியம். அதுக்கு முன் டயர் தேய்மானம், எனக்கு முட்டி தேய்மானம், மத்தபடி ரெண்டு பேரும் கூப்பிட்ட எடத்துக்குப் போறோம். அந்த மலை மேல நீ எப்படி இருக்க? நேரத்துக்குச் சாப்பிடறியா?

பதினோரு வருஷம் கழிச்சு மாமன் எதுக்குக் கடுதாசி போடறான்னு நினைப்ப. உங்கக்கா ஹேமாவதி எங்க வூட்டு எல்லா போன்லயும் உன் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கா. என்னுது, நம்ம பொண்ணு தேவதர்ஷினியுது, போதாக்குறைக்கு லாரி கிளீனர் போன்ல கூட. பொண்ணு பெரியவளான சடங்குக்கு தாய்மாமன் நீ வரலைங்கற கோவம் இன்னும் இறங்கல. அதான் தபால்.

நீ டெலஸ்கோப்பு இருக்கற எடத்துல வேலை பாக்குறவன். அந்தக் கோபுரத்துக் கூரையைத் திறக்கற மோட்டாரையே நீதான பாத்துக்கற? இந்த நிலா சமாச்சாரம் உண்மையா, டவர் மாதிரியான்னு எழுது. வூட்டு அட்ரஸுக்கு எழுதிடாதே, கொலை விழும். ஏசுபாதம், ஜெராக்ஸ் அண்ட் பிரிண்டிங், குரோம்பேட்டைன்னு போடு. நம்ம ஆளுதான். கொண்டாந்து குடுத்துடுவாப்ல.

உன் மாமன்,
டவர் தசரதன்


ஜவ்வாது மலை
19.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். மலையில் மழை ஆரம்பித்துவிட்டது. அக்காவுக்கு அந்த இடுப்பு வலி எப்படி இருக்கிறது? குளிர் காலத்தில் அதிகமாகுமே.

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் எழுதியிருக்கலாம்.

நீங்கள் கேட்டது உண்மைதான். ஆனால் அது நிலா அளவுக்கெல்லாம் இல்லை. ஒரு பாறை. ஏறக்குறைய உங்கள் லாரி நீளம் இருக்கலாம் என்று இங்கே இருக்கும் ஒரு சார் சொன்னார். வெறும் கண்ணுக்குத் தெரியாது, உங்கள் பைனாகுலருக்கும் தெரியாது. எங்கள் டெலஸ்கோப்பின் பெரிய கண்ணாடிக்கே சிரமம், அதுவும் மழைக்காலத்தில் கூரையைத் திறக்கவே முடிவதில்லை.

அது நம்மைச் சுற்ற வரவில்லை மாமா. நம்மைப் போலவே அதுவும் சூரியனைத்தான் சுற்றுகிறது, நம் பாதைக்கு ரொம்பப் பக்கத்துப் பாதையில், கொஞ்சம் வேறு வேகத்தில். ஒரு இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டோம். அப்போது பூமி அதை லேசாக இழுத்துப் பார்க்கிறது. பிடித்து வைக்கும் அளவுக்கு இழுக்க முடியாது. நவம்பர் 25ஆம் தேதி பிடி விட்டுவிடும். இந்த மாதிரி பாறைகளுக்கு அர்ஜுனா கூட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தேவதர்ஷினி என்ன படித்தாள்? வேலைக்குப் போகிறாளா?

மாமா, பைனாகுலரைப் பகலில் சூரியன் பக்கம் திருப்பிவிடாதீர்கள். நீங்கள் செய்யக்கூடிய ஆள்.

தினகரன்


அஸ்தினாபுரம்
27.10.2024

மச்சான்,

உன் கடுதாசியை லாரியில உக்காந்து மூணு தரம் படிச்சேன். முதல் தரம் ஒண்ணும் புரியல. ரெண்டாவது தரம் எம்.ஐ.டி. பாலத்து மேல டிராஃபிக்ல நிக்கறப்ப படிச்சேன், பட்டுனு புரிஞ்சுது. பக்கத்துல கேன் தண்ணிக்காரன் வண்டி நின்னுகினு இருந்துச்சு. தினம் அவனும் நானும் ஒரே ரோட்டுலதான் சுத்தறோம். பாலத்துல மட்டும் பக்கத்துல பக்கத்துல மாட்டிக்குவோம். தீப்பெட்டி வாங்கிக்குவான், மூக்கைச் சிந்திகினு வூட்டுக் கதை சொல்லுவான், நான் என் கதை சொல்லுவேன். வண்டி நகர்ந்தா அவன் செம்பாக்கம், நான் நெமிலிச்சேரி. அதானடா உன் பாறை? இதுக்கு இம்மாம் பெரிய கண்ணாடி எதுக்கு, எங்க பாலத்துக்கு வாங்க, காட்டறேன்.

அர்ஜுனா கூட்டம்னதும் கங்கையம்மாள் கிட்ட சொன்னேன். "அர்ஜுனன் அஸ்தினாபுரத்துக்கு வராம வேற எங்க வருவான்? நான் கற்பூரம் ஏத்தினதுல இன்னா தப்பு?"ன்னு இப்ப என்னையே மடக்கறா. நான் வேற கதை ஆளு, என்னத்தச் சொல்ல.

எல்லாரும் சௌக்கியம். உங்கக்கா இடுப்பு வலி அப்படியேதான் கீது. ஆனா திட்டறதுக்குக் குனிய வேண்டாம் பாரு, அதனால எனக்கு ஒரு லாபமும் இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். தேவதர்ஷினி பி.காம். முடிச்சு கம்பெனியில கணக்கு பாக்குது. அதுக்குக் கல்யாணம். தை 21, பிப்ரவரி 3, திங்கக்கிழமை காலையில. மாப்பிள்ளை மறைமலை நகர்ல கார் பார்ட்ஸ் செய்யற எடத்துல சூப்பர்வைசர். நல்ல பையன், என் ஜோக்குக்கு சிரிக்கறான். ரொம்ப நாள் தாங்க மாட்டான், அதுக்குள்ள முடிச்சுடணும்.

நம்ம பக்கத்து வழக்கம் உனக்கு நான் சொல்ல வேணாம். பொண்ணு மணையை விட்டு எழுந்திரிக்கணும்னா தாய்மாமன் நெத்தியில பட்டம் கட்டணும். உங்கக்கா இன்னும் வாயைத் திறக்கல. உங்க பெரியப்பா மவன் லோகு மட்டும் மீசைக்கு மை அடிச்சுகினு நாலு நாளைக்கு ஒரு தரம் வூட்டுக்கு வந்து காபி குடிக்கறான். சடங்குக்கு நின்னவன் கல்யாணத்துக்கும் நிக்கலாம்னு கணக்கு. பத்திரிகை ஏசுபாதம் கிட்டதான் அடிக்கறோம். தாய்மாமன்னு ஒரு வரி. அதுல பேரு போடாம வச்சிருக்கு. தை பொறக்கறதுக்குள்ள அச்சுக்குப் போகணும்.

நீ வந்து வாசல்ல நின்னா போதும்டா. திட்டு வாங்கறதுக்கு உன் பக்கத்துல நானும் நிக்கறேன். எனக்கு அனுபவம் ஜாஸ்தி.

தீவாளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளி.

மாமன்


அஸ்தினாபுரம்
15.11.2024

மச்சான் தினகரனுக்கு மாமன் மறுபடியும்,

தீவாளி போச்சு, உன் பதில் வரல. ஏசுபாதம் என்னைப் பாத்தாலே உதட்டைப் பிதுக்கறாப்ல. மலையிலேர்ந்து தபால்காரர் நடந்தே வராரோ?

நேத்து தாம்பரம் வரைக்கும் போக வேண்டி இருந்துச்சு. லாரியை விட்டுட்டு டிரெயின்ல போனேன். திடீர்னு அந்தப் பழைய மீட்டர்கேஜ் வண்டி ஞாபகம் வந்துடுச்சு. சின்ன வண்டி, ரெண்டு பக்கமும் ஆடும், எதிர் சீட்ல உக்காந்தவன் முட்டி நம்ம முட்டியில இடிக்கும். எனக்கும் உங்கக்காவுக்கும் கல்யாணமாகி பத்தாவது நாளு பீச்சுக்குப் போனோமே. உனக்கு அப்ப பதிமூணு வயசு. உங்கம்மா போனதுலேர்ந்து அக்கா முந்தானையை விட மாட்ட. "அவனும் வரட்டும்"ன்னா. நான் "வரட்டுமே"ன்னேன், வேற என்ன சொல்றது, புது மாப்பிள்ளை. நீ வந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்த. குரோம்பேட்டையிலேர்ந்து பீச் வரைக்கும் நடுவுலயே. மீனம்பாக்கத்துல பிளேன் இறங்கறப்ப என் காது கிட்ட வாயை வச்சு கத்தின. எக்மோர்ல அக்கா தோள்ல தூங்கிட்ட. உன் வாய் எச்சில் அந்தப் புதுப் பட்டுப் புடவையில பட்டுச்சு. கறை இன்னும் இருக்கு. போன மாசம் பீரோவை ஒழிக்கறப்ப அந்தப் புடவையை எடுத்து, கறை இருக்கற எடத்தைத் தடவிப் பாத்துட்டு மறுபடி மடிச்சு உள்ள வச்சா. நான் பாக்கலைன்னு நினைச்சுகினு இருக்கா.

பொண்ணு பொறந்தப்பவும் ஆஸ்பத்திரியில முதல்ல உன் கையிலதான் குடுத்தா. நான் அப்பன், வராண்டாவுல வாழைப்பழத்தோட நிக்கறேன்.

இங்க எல்லாருக்கும் சளி. அது தவிர சுகம். உன் பாறைக்கு இன்னும் பத்து நாள்தான் பாக்கி. உனக்குக் கல்யாணத்துக்கு மூணு மாசம் கூட இல்ல.

எழுதுடா.

மாமன்


ஜவ்வாது மலை
25.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் சளி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்றைக்குத்தான் அது பிரிந்து போகிற நாள். மழை. கூரை மூடியே இருக்கிறது. வேலை இல்லாமல் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை மாமா. பத்திரிகையில் லோகு அண்ணன் பெயரைப் போடச் சொல்லுங்கள். ஏன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

2013இல் இங்கே எல்லோரும் ஒரு வால் நட்சத்திரத்துக்காகக் காத்திருந்தார்கள். யாருக்கும் லீவு கிடையாது. அதைத்தான் அக்காவிடம் போனில் சொன்னேன். "அப்ப லோகுவை நிக்க வெச்சுக்கறேன்" என்று வைத்துவிட்டாள். சடங்குக்கு மூன்று நாள் முன்னால் அந்த வால் நட்சத்திரம் சூரியனுக்குக் கிட்டே போய் உதிர்ந்து போய்விட்டது. பெரிய சாரே கூப்பிட்டு, "இனிமேல் என்ன வேலை, போய்ட்டு வாய்யா" என்றார். சொல்லாமல் போய் நிற்கலாம் என்று சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன். மஞ்சள் துணி மூடிய தாம்பாளத்தில் பச்சைப் பட்டுப் பாவாடை, வளையல், பழம். வாலாஜாபாத்தில் பஸ் டயர் வெடித்தது. தெருமுனைக்கு வரும்போது மணி பத்து ஆகிவிட்டது.

பந்தல் தெரிந்தது. லோகு அண்ணன் தலைப்பாகை, மாலையோடு தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா அவர் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் கிட்டே கொஞ்ச நேரம் நின்றேன். நான் உள்ளே போயிருந்தால் அவரை எழுப்பி விட்டிருப்பார்கள். அது அவருக்கும் அவமானம், அக்காவுக்கும் அவமானம். திரும்பிவிட்டேன்.

பாவாடை இன்னும் பெட்டியில் இருக்கிறது. இப்போது அவளுக்குப் போடவும் முடியாது.

இந்த முறையும் அதே மாதிரி போய் நிற்க எனக்குத் தெம்பு இல்லை மாமா. மன்னியுங்கள்.

தினகரன்


அஸ்தினாபுரம்
20.12.2024

மச்சான்,

ஒரு மாசம் ஆகப்போவுது, பதில் போடல. புயல் வந்துச்சு. தெருவுல முட்டி அளவு தண்ணி. தண்ணி லாரி வச்சிருக்கறவன் தண்ணியில மாட்டிகினான்னு கங்கையம்மாள் மாடியிலேர்ந்து சிரிக்கறா. அப்புறம் லாரி இன்ஜின்ல சேறு. அப்புறம் எனக்கு ஜுரம். அப்புறம் மண்டபத்துக்காரன் தொல்லை.

எல்லாம் உண்மைதான். ஆனா அதெல்லாம் காரணம் இல்ல. ஏசுபாதம் உன் கடுதாசியை 28ஆம் தேதியே குடுத்துட்டாப்ல. புயலுக்கு முன்னாடி.

தினகரா, நான் உன்னைப் பாத்தேன்.

அன்னிக்கு சமையல்காரங்களுக்கு டிரம் ரொப்பறதுக்கு லாரியைப் பந்தல் பின்னாடி நிறுத்தி டேங்க் மேல நின்னுகினு இருந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட ஒரு ஆளு, கையில மஞ்சத்துணி போட்ட தாம்பாளம். உன் நடை எனக்குத் தெரியாதா? "வந்துட்டான்டா"ன்னு எனக்குள்ள ஒரு சந்தோசம். கூப்பிட வாயைத் திறக்கறேன், ஓஸ் பைப்பு நழுவி சாம்பார் அண்டா பக்கம் பீச்சுது. சமையல்காரன் கத்தறான். பைப்பைப் பிடிச்சுட்டுத் திரும்பினா உன்னைக் காணோம். பின்வாசல் வழியா உள்ள போயிருப்பன்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.

மத்தியானம் உங்கக்கா, "என் தம்பி வரலியே"ன்னு அடுப்படியில உக்காந்து அழுதப்பதான் நீ உள்ள வரலைன்னு புரிஞ்சுது. அப்பவே சொல்லி இருக்கணும். சொன்னா, "பாத்துட்டு ஏன் போய்க் கூட்டியாரல"ன்னு கேப்பா. பந்தலுக்கு வந்த சனம் கலையட்டும், ராத்திரி சொல்லலாம்னு விட்டேன். ராத்திரி, காலையில சொல்லலாம்னு விட்டேன். ஒரு வாரம் கழிச்சு, இப்ப சொன்னா ஒரு வாரமா ஏன் சொல்லலைன்னு கேப்பாளேன்னு ஆயிடுச்சு. அப்படியே பதினோரு வருஷம்.

ஊரையெல்லாம் கிண்டல் பண்ணுவேன்ல. உன் பேரு வூட்டுல வந்தா மட்டும் எழுந்து லாரி டயரைத் தட்டிப் பாக்கப் போயிடுவேன்.

அன்னிக்கு டவர் லைட்டை நிலான்னு சொன்னது வெக்கக்கேடுன்னு ஆரம்பிச்சேன் பாரு. அதெல்லாம் ஒரு வெக்கக்கேடா?

உடம்பைப் பாத்துக்க.

தசரதன்


ஜவ்வாது மலை
30.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் ஜுரம் விட்டதா? இந்த வயதில் சேற்றில் இறங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அன்றைக்குச் சாயங்காலம் மோட்டாருக்கு விட வேண்டிய எண்ணெயைத் தரையில் ஊற்றிவிட்டேன். அப்புறம் யோசித்தேன். நீங்கள் கூப்பிடவில்லை, நான் உள்ளே வரவில்லை. ரெண்டு பேரும் அறுபது அடி தூரத்தில்தான் இருந்தோம்.

இப்போது போய் அக்காவிடம் சொல்லாதீர்கள். கல்யாண நேரம். உங்களோடும் பேசாமல் போய்விட்டால் வேலையெல்லாம் யார் பார்ப்பது? என்னோடு பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகிவிட்டது. எனக்கும் பழகிவிட்டது.

ஜனவரி 9ஆம் தேதி அந்தப் பாறை இன்னொரு முறை கொஞ்சம் கிட்டே வரும், பதினெட்டு லட்சம் கிலோமீட்டர். அதற்கப்புறம் விலகிப் போய்விடும். மறுபடி நம் பக்கம் வருவது 2055இல் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பாப்பாவுக்கு என் ஆசீர்வாதம்.

தினகரன்


அஸ்தினாபுரம்
11.1.2025

மச்சான்,

இதை லாரி கேபின்ல உக்காந்து எழுதறேன். ரெண்டு நாளா குடித்தனமே இங்கதான். சௌக்கியமா கீறேன். கொசுவும் சௌக்கியமா கீது.

2055ன்னு எழுதின பாரு, அன்னிக்கு விரல் விட்டு எண்ணினேன். எனக்கு எம்பத்து நாலு. உங்கக்காவுக்கு எழுபத்தெட்டு. அது வரைக்கும் நான் எழுந்து எழுந்து போய்த் தட்டினா டயர் தாங்காது.

ஒம்பதாம் தேதி மத்தியானம் ஏசுபாதம் பத்திரிகை புரூஃபைக் குடுத்துட்டுப் போனாப்ல. உங்கக்கா தரையில உக்காந்து அவரைக்காய் நார் உரிச்சுகினு இருந்தா. புரூஃபு பக்கத்துல. தாய்மாமன்ங்கற வரி வெறுமனே கீது. "லோகு பேரைப் போட்டுடலாமா?"ன்னு கேட்டா. அவ குரலே சரியில்ல. நான் எதிர்ல சப்பணம் போட்டு உக்காந்து சொல்லிட்டேன். உன் கடுதாசிங்களையும் எடுத்து வச்சேன்.

அவரைக்காயை ஒண்ணு விடாம உரிச்சு முடிச்சா. ஒரு கிலோ. அப்புறம் கேட்டா.

"டேங்க் மேலேர்ந்து டிரான்ஸ்ஃபார்மர் எவ்ளோ தூரம்?"

"அறுபது அடி இருக்கும்."

"கூப்பிட்டா கேக்குமா?"

"கேக்கும்."

"உங்க குரலுக்கு தாம்பரம் வரைக்கும் கேக்கும்"ன்னா.

அவ்ளோதான். எழுந்து உள்ள போனா. என் தலவாணியும் போர்வையும் ஜன்னல் வழியா வந்துச்சு. உன் கடுதாசிங்க வரல, அதை உள்ளயே வச்சுகினா. தேவதர்ஷினி வந்து, "அப்பா, என்னா பண்ணித் தொலைச்ச?"ன்னு கேட்டுது. சொன்னேன். அதுவும் உள்ள போயிடுச்சு. மகளும் தாயும் ஒரு கட்சி.

இன்னிக்குக் காலையில ஏசுபாதம் புரூஃபை வாங்கிகினு போறப்ப லாரி கிட்ட நின்னு எனக்குக் காட்டினாப்ல. அந்த வரியில பென்சில்ல எழுதி இருக்கு. உங்கக்கா கையெழுத்து. தி. அதுக்கப்புறம் அழிச்ச மாதிரி ஒரு கறுப்பு. அதுக்கு மேல மறுபடியும் அழுத்தி, தினகரன்.

உனக்கு அவ தனியா எழுதுவாளோ மாட்டாளோ எனக்குத் தெரியாது. என் கிட்ட பேச்சு இல்ல.

பொங்கலுக்கு எனக்கு உள்ள எடம் கிடைக்கணும்னு வேண்டிக்க.

மாமன்


அஸ்தினாபுரம்
16.1.2025

தினகரா,

நல்லா இருக்கியா. நான் இருக்கேன்.

உன் மாமா எல்லாத்தையும் சொல்லிட்டார். அவர் கிட்ட நான் கேக்க வேண்டியதைக் கேட்டுக்கறேன். உன் கிட்ட ஒண்ணு கேக்கணும். லோகுவை எழுப்பி விட்டா அவனுக்கு அவமானம்னு எழுதி இருக்க. அவன் கழுத்துல மாலையைப் போடறப்ப நான் வாசலைப் பாத்துகிட்டேதான் போட்டேன். ஒம்பதரை வரைக்கும் யாரையும் நெருங்க விடல. நல்ல நேரம் முடியுதுன்னு எல்லாரும் பிடுங்கி எடுத்தாங்க. தாம்பாளத்தோட இவ்ளோ தூரம் வந்தவன், இன்னும் அறுபது அடி வந்து என்னை ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிருக்கலாமில்ல.

அம்மா இல்லாத உன்னை நான் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்பினேன். வேற ஒண்ணும் சொல்லல.

பத்திரிகை இதோட வச்சிருக்கேன். மூலையில மஞ்சள் தடவி இருக்கேன், முதல் பத்திரிகை உனக்குத்தான். பட்டம் கட்ட நீ வரணும். வரலைன்னா லோகுவைக் கூப்பிட மாட்டேன். அந்த எடம் வெறுமனே இருக்கட்டும், சனம் பாத்துட்டுப் போகட்டும்.

அந்தப் பாவாடையையும் எடுத்துகிட்டு வா. போட முடியலைன்னா என்ன, அவளுது.

ஸ்வெட்டர் போட்டுக்கறியா? மலையில பனி ஜாஸ்தின்னு டிவியில சொன்னான்.

ஹேமாவதி


ஜவ்வாது மலை
22.1.2025

அக்கா,

ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள். அண்டாவைத் தூக்காதே.

இப்போதுதான் வானம் தெளிந்திருக்கிறது, தினமும் கூரை திறக்கிற காலம். லீவு கேட்டேன். பெரிய சார், "பதினோரு வருஷமா நீ லீவே கேட்டதில்லையேய்யா" என்று சொல்லி நாலு நாள் கொடுத்துவிட்டார்.

1ஆம் தேதி காலையில் வந்துவிடுவேன். பஸ்ஸில் இல்லை, ரயிலில்.

அந்த அறுபது அடியைப் பற்றி நீ எழுதியது உண்மைதான். நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

மாமா உள்ளே தூங்குகிறாரா?

தினகரன்


அஸ்தினாபுரம்
9.2.2025

மச்சான் தினகரனுக்கு,

மலைக்கு நல்லபடியா போய்ச் சேர்ந்தியா? இங்க எல்லாரும் சௌக்கியம். நான் இப்ப வூட்டுக்குள்ளதான் படுக்கறேன். ஹால்ல. படிப்படியாதான் உள்ள போகணும்.

நீ கூட இருந்தும் பாக்காத சிலதை எழுதறேன்.

நீ பொண்ணுக்குப் பட்டம் கட்டறப்ப குனிஞ்சுகினு இருந்த, முடிச்சு விழல. ரெண்டு தரம் அவுந்துச்சு. கங்கையம்மாள், "டெலஸ்கோப்பையே திருப்பறவனுக்கு ஒரு முடிச்சு வரலியா?"ன்னு கேட்டா, எல்லாரும் சிரிச்சாங்க. அப்ப உங்கக்கா எங்க இருந்தான்னு தெரியுமா? உனக்கு நேர் பின்னாடி. உன் சட்டைக் காலர் மடங்கி இருந்ததை நேர் பண்ணா. நீ திரும்பல. பண்ணிட்டு, கையை அங்கயே வச்சிருந்தா, மேளக்காரன் கெட்டிமேளம் அடிக்கற வரைக்கும்.

ஒண்ணாம் தேதி காலையில நீ வந்து வாசல்ல நின்னியே, கதவைத் திறந்து, "இன்னாடா, முன்மண்டையில ஒண்ணுமே காணோம்?"ன்னா பாரு. பதினோரு வருஷமா அதைத்தான் சேத்து வச்சிருந்தான்னு நினைச்சியா? அதுக்கு முந்தின ராத்திரி பூரா சமையக்கட்டுல தனியா பேசிப் பாத்துகினு இருந்தா. நான் ஹால்ல கேட்டுகினே படுத்திருந்தேன். அஞ்சாறு மாதிரி சொல்லிப் பாத்தா. ஒண்ணுல கூட முன்மண்டை இல்ல.

லோகுவைப் பத்திக் கவலைப்படாதே. பந்தி பரிமாற நின்னுட்டான். நீ சாப்பிடறப்ப உன் இலையில மட்டும் வடை நாலு வச்சது அவன்தான்.

பச்சைப் பாவாடையைப் பொண்ணு மறைமலை நகருக்கு எடுத்துகினு போயிடுச்சு. மாப்பிள்ளை, "இது யாருக்கு?"ன்னு கேட்டாராம். "எனக்குத்தான், எங்க மாமா எடுத்தது, கொஞ்சம் லேட்டு"ன்னுச்சாம்.

நீ கிளம்பினப்புறம் உங்கக்கா போனை எடுத்துகினு வந்து என் கிட்ட குடுத்தா. "பிளாக் பண்ணத் தெரிஞ்சுது, எடுக்கத் தெரியல"ன்னா. எனக்கும் தெரியல. ஏசுபாதம்தான் நாலு போன்லயும் எடுத்து விட்டாப்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பேசுவா. எடு. முதல் மணியிலயே எடுக்காதே, காத்துகினு இருந்த மாதிரி தெரியும். ரெண்டாவது மணியில எடு.

கடுதாசி போடறதை மட்டும் நிறுத்திடாதே. போன்ல உங்கக்கா என்னைப் பேச விட மாட்டா.

குளிருக்குக் காதை மூடிக்க. வேளைக்குச் சாப்பிடு.

உன் மாமன்,
தசரதன்

பி.கு.: மண்டபத்துலேர்ந்து ரயிலுக்கு அவசரமா ஓடினியே, நீ போட்டுகினு போன செருப்புல ஒண்ணு உன்னுது, ஒண்ணு சம்பந்தியுது. ரெண்டும் எடது கால். அவர் மீதி ரெண்டையும் போட்டுகினு மறைமலை நகர் போயிட்டார். வெள்ளிக்கிழமை மறுவீட்டு விருந்துக்கு வந்தார். அதையேதான் போட்டுகினு வந்தார்.